கேம்பஸுக்கு ஒரு ஸ்விட்ச், டேட்டா சென்டருக்கு வேறொன்று: வாங்கும் முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

"48 போர்ட் ஸ்விட்ச், பத்து எண்ணம்." பல கருவிகளைக் கம்பியால் இணைத்துத் தரவைக் கடத்தும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கான கொள்முதல் கோப்புகளில் இந்த ஒற்றை வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மேலோட்டமாகப் படித்தால் பிழை எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பத்தில் எட்டு, விடுதி மாடிகளில் சுவர் ரேக்கில் தொங்கப் போகின்றன. மீதி இரண்டு, சர்வர் அறையில் இரவு பகலாக ஓடப் போகின்றன. எட்டுக்கும் இரண்டுக்கும் போர்ட் எண்ணிக்கை ஒன்றுதான். உள்ளே இருக்கும் சிப், மின்சாரம், காற்று போகும் திசை, பழுதாகும் விதம் எல்லாமே வேறு.

வெறுமனே பேசினால் புரியாது என்பதால் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவிலான ஒரு பொறியியல் கல்லூரி. நான்கு வகுப்பறைக் கட்டடங்கள், இரண்டு விடுதிகள், ஒரு நூலகம். சர்வர் அறையில் மூன்று ரேக். அதில் 12 சர்வர், ஒரு ஸ்டோரேஜ். மருத்துவமனையோ தொழிற்சாலையோ எதுவானாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

படி 1: நிற்கும் இடத்தை எழுதுங்கள்

பிராண்டு பெயர் எதுவும் வாயில் வருவதற்கு முன், ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எந்த அறையில், எந்த ரேக்கில் நிற்கும்? அதில் என்னென்ன சொருகப்படும்? ஐந்து நிமிடம் நின்றால் யாருக்கு என்ன ஆகும்? மின்சாரமும் குளிர்காற்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன?

விடைகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே இரண்டு குடும்பங்கள் பிரிந்துவிடும். கட்டடங்களின் தளங்களில் நிற்கும் கேம்பஸ் ஸ்விட்சில் சொருகப்படுவது முன்பின் தெரியாத கருவிகள்: மாணவரின் லேப்டாப், வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா, பிரின்டர். அவற்றில் பலவற்றுக்கு அதே கம்பியில் மின்சாரமும் வேண்டும். தரவுப் போக்குவரத்து பெரும்பாலும் மேல்நோக்கி, இணையத்தை நோக்கிப் போகும். சர்வர் அறையில் நிற்கும் டேட்டா சென்டர் ஸ்விட்சில் சொருகப்படுவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சர்வர்கள். அவற்றுக்கு மின்சாரம் தர வேண்டியதில்லை. ஆனால் சர்வருக்கும் சர்வருக்கும், சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையே பக்கவாட்டில் ஓடும் போக்குவரத்து ஒரு நொடிகூடத் தடைபடக் கூடாது.

படி 2: கேம்பஸில் முதலில் மின்சாரக் கணக்கு

கேம்பஸ் ஸ்விட்சில் நான் முதலில் பார்ப்பது வேகத்தை அல்ல, பிஓஇ பட்ஜெட்டை. ஈதர்நெட் கம்பியிலேயே மின்சாரம் அனுப்பும் இந்த முறைக்கு மூன்று தலைமுறைகள் உண்டு. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். 2009-இல் வந்த 802.3ஏடி 30 வாட். 2018-இல் வந்த 802.3பிடி 60 வாட், 90 வாட் என இரண்டு நிலைகளில் தரும். இவை ஸ்விட்சின் வாசலில் உள்ள அளவுகள். 100 மீட்டர் கம்பியில் கரைவது போக, கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது முறையே 12.95, 25.5, 51, 71.3 வாட்.

48 போர்ட் மாடல்களின் விளம்பரத்தில் 740 வாட் என்ற எண் அடிக்கடி வரும். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 15.4-ஐ 48-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 739.2. எல்லாப் போர்ட்டிலும் பழைய 15.4 வாட் தர அது போதும். எல்லாப் போர்ட்டிலும் 30 வாட் வேண்டுமென்றால் 1440 வாட் தேவை. பல மாடல்களில் அந்த 1440, இரண்டு பவர் சப்ளையும் சேர்ந்து உழைத்தால்தான் கிடைக்கும். "ரிடண்டன்ட் பவர் சப்ளை இருக்கிறது" என்று விற்பனையாளர் சொல்லும்போது, ஒன்று போனால் மீதி ஒன்று எத்தனை வாட் பிஓஇ தரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம் விடுதியின் ஒரு தளத்துக்குக் கணக்குப் போடுவோம். 22 ஆக்சஸ் பாயின்ட், ஒவ்வொன்றும் 25 வாட். 8 கேமரா, ஒவ்வொன்றும் 12 வாட். 10 ஐபி ஃபோன், ஒவ்வொன்றும் 6 வாட். மொத்தம் 706 வாட். 740 வாட் ஸ்விட்ச் போதும் போலத் தெரிகிறது. ஆனால் பல ஸ்விட்சுகள், கருவி உண்மையில் இழுக்கும் அளவைப் பார்க்காமல், அதன் மின்தேவை வகுப்புக்குரிய முழு அளவை ஒதுக்கி வைக்கும். ஆக்சஸ் பாயின்ட் நான்காம் வகுப்பு என்றால் 30 வாட், கேமரா மூன்றாம் வகுப்பு என்றால் 15.4 வாட், ஃபோன் இரண்டாம் வகுப்பு என்றால் 7 வாட். இப்போது கூட்டினால் 853 வாட் வருகிறது. கடைசியாகச் சொருகிய சில கேமராக்கள் காரணமே சொல்லாமல் இருண்டு கிடக்கும். எல்எல்டிபி (அடுத்தடுத்த கருவிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) வழியாகக் கருவியோடு பேசி உண்மைத் தேவையை மட்டும் ஒதுக்கும் வசதி ஸ்விட்சில் உண்டா, கருவிகளும் அதைப் பேசுமா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பவர் சப்ளையையே வாங்கிவிடுங்கள். யானைப் பசிக்குச் சோளப்பொறி போட்டுப் பயனில்லை.

அடுத்து யுபிஎஸ். 706 வாட்டோடு ஸ்விட்ச் தனக்கென எடுத்துக்கொள்ளும் 100 வாட்டைக் கூட்டி, மின்மாற்று இழப்பாகப் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் 900 வாட்டை நெருங்கும். விடுதி மாடியில் ஏற்கெனவே இருக்கும் 1 கேவிஏ யுபிஎஸ், பவர் ஃபேக்டர் 0.8 என்றால், தரக்கூடியது 800 வாட்தான். மின்வெட்டு வந்த அந்த நொடியில் மொத்தத் தளமும் அணைந்துவிடும். ஸ்விட்சுக்கான டெண்டரிலேயே யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஸ்விட்ச் மறுதொடக்கம் ஆகும்போதும் போர்ட்டுகளில் மின்சாரத்தை நிறுத்தாமல் தரும் வசதி சில மாடல்களில் உண்டு. கேமராக்களும் கதவுப் பூட்டுகளும் இருக்கும் இடத்தில் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஃபர்ம்வேர் என்னும் உள் மென்பொருளை மாற்றியபின் நாற்பது கருவிகளும் ஒன்றாகத் தொடக்கத்திலிருந்து எழ வேண்டிய நிலை வராது.

படி 3: கம்பியும் அப்லிங்கும்

வைஃபை 6, வைஃபை 7 ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு 1 ஜிகாபிட் போர்ட் குறுகலாகிவிடும். 2016-இல் வந்த 802.3பிஇசட் தரநிலை இதற்காகவே 2.5, 5 ஜிகாபிட் வேகங்களை வகுத்தது. சுவருக்குள் கிடக்கும் பழைய கேட்5இ கம்பியிலேயே 100 மீட்டர் வரை 2.5 ஜிகாபிட் ஓடும். 5 ஜிகாபிட்டுக்கு கேட்6 வேண்டும். 48 போர்ட்டிலும் இந்த வேகம் தேவையில்லை. ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு ஒரு டஜன் அல்லது இரண்டு டஜன் போர்ட் இருக்கும் கலப்பு மாடல்களே பெரும்பாலான தளங்களுக்குப் போதும்.

கம்பி வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் சில கேபிள் பெட்டிகளில் இருப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. கேட்6 என்று அச்சிட்டிருந்தாலும் கேபிள் தரநிலைகள் அதை ஏற்பதில்லை. பிஓஇ ஓடும்போது அது சூடாகும், வழியிலேயே மின்னழுத்தம் குறையும். நல்ல ஸ்விட்சை வாங்கி இதில் பூட்டினால், பழி ஸ்விட்ச் மேல்தான் விழும்.

கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுக்கவே கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடி மின்னல், அந்தக் கம்பி வழியாக இரண்டு முனைப் போர்ட்டுகளையும் எரித்துவிடும். ஃபைபர்தான் வழி. புதிதாகப் போடுவதென்றால், நெடுந்தூரம் போகும் சிங்கிள் மோடு வகையைப் போடுங்கள். ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் 10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூல் அதில் 10 கிலோமீட்டர் போகும். குறுந்தூர வகையான பழைய மல்டிமோடு ஏற்கெனவே மண்ணுக்குள் கிடந்தால், அது எந்த வகை என்று கண்டுபிடித்த பிறகே அப்லிங்க், அதாவது நடு ஸ்விட்சை நோக்கி மேலே போகும் இணைப்பின் வேகத்தைத் தீர்மானியுங்கள். 10 ஜிகாபிட் எஸ்ஆர் மாட்யூல் ஓஎம்3 ஃபைபரில் 300 மீட்டர் போகும், ஓஎம்2-வில் 82 மீட்டர், ஓஎம்1-இல் வெறும் 33 மீட்டர். 1 ஜிகாபிட்டில் இத்தனை ஆண்டு நன்றாக ஓடிய இணைப்பு, புது ஸ்விட்ச் வந்த அன்று செத்துப்போவதற்கு இதுவே முதல் காரணம்.

அப்லிங்க் அளவைப் பற்றிக் கேம்பஸில் பதற வேண்டாம். 48 ஜிகாபிட் போர்ட்டுக்கு இரண்டு 10 ஜிகாபிட் அப்லிங்க் என்றால், கீழ்ப் போர்ட்டுகளின் மொத்த வேகத்துக்கும் அப்லிங்க் வேகத்துக்கும் உள்ள நெரிசல் விகிதம் 2.4-க்கு 1. எல்லோரும் ஒரே கணத்தில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால், 20-க்கு 1 வரை போகலாம் என்பது கேம்பஸ் வடிவமைப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

படி 4: விளிம்பில் நடக்கும் விபத்துகளைத் தடுக்குமா?

விடுதி அறையில் ஒரு மாணவர் வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவர் கம்பியை அதன் லேன் போர்ட்டில் சொருகுகிறார். அந்த ரவுட்டர் தளம் முழுவதற்கும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைத் தர ஆரம்பிக்கும். பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் இணையம் போய்விடும். முகவரி தரும் பதில்களைக் கண்காணிக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருந்தால் ஸ்விட்ச் அந்தப் பதில்களை வாசலிலேயே தடுத்துவிடும். இன்னொருவர் கீழே கிடந்த பேட்ச் கார்டின் இரு முனைகளையும் இரண்டு சுவர் போர்ட்டுகளில் சொருகுகிறார், தரவு சுற்றிச் சுற்றி ஓடும் லூப் உருவாகிறது. இதற்கு, வரக்கூடாத ஸ்விட்ச் செய்தி வந்தால் போர்ட்டை மூடும் பிபிடியூ கார்டும், வெள்ளமாகப் பெருகும் தரவைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் வேண்டும். யார், எந்தக் கருவி என்று பார்த்து அதற்குரிய விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) போடுவதற்கு 802.1எக்ஸ், அதைப் பேசத் தெரியாத பிரின்டருக்கும் கேமராவுக்கும் கருவியின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி வழி அடையாளம். இந்த ஐந்தும் இல்லாத ஸ்விட்சை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விடுதியில் மாட்டாதீர்கள்.

லூப் சின்ன விஷயமில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் லூப்பைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறை குலைந்து, நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கியது. மருத்துவர்கள் கணினியை விட்டுக் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தேவை வந்தபோதெல்லாம் ஒட்டுப்போட்டு வளர்ந்த நெட்வொர்க் அது. ஸ்பானிங் ட்ரீ தரநிலை, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே ஏழு ஸ்விட்சுகளுக்கு மேல் இருக்க வேண்டாம் என்கிறது. அங்கே அந்த எல்லை தாண்டப்பட்டிருந்தது. நம் கல்லூரிகளிலும் ஆய்வகத்துக்கு ஒன்று, அதிலிருந்து பக்கத்து அறைக்கு ஒன்று என்று வால்பிடித்துப் போகும் ஸ்விட்சுகளை எண்ணிப் பாருங்கள். புதிது வாங்கும்போது ஒவ்வொரு தள ஸ்விட்சும் நேராக நடு ஸ்விட்சுக்கே போகும்படி அமைத்து, கட்டடங்களுக்கு இடையே லேயர் 3 ரவுட்டிங் (ஐபி முகவரி பார்த்துத் தரவை அனுப்பும் முறை) வைத்துவிட்டால், ஒரு விடுதியின் லூப் அந்த விடுதியோடு நிற்கும்.

படி 5: சர்வர் அறைக்கு வேகக் கணக்கு

இனி மற்ற குடும்பம். இன்றைய நிலையில் புதிய சர்வருக்கு 10 ஜிகாபிட்டை விட 25 ஜிகாபிட் போர்ட்டையே பரிந்துரைப்பேன். எஸ்எஃப்பி28 எனப்படும் இந்தப் போர்ட் பெரும்பாலும் பழைய 10 ஜிகாபிட் மாட்யூலையும் ஏற்கும். ஆனால் பல மாடல்களில் அடுத்தடுத்த நான்கு போர்ட்டுகள் ஒரே வேகத்தில்தான் ஓட வேண்டும். பழைய சர்வரையும் புதிய சர்வரையும் அடுத்தடுத்துச் சொருக முடியுமா என்று டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பில் தேடிப் பாருங்கள்.

48 போர்ட் 25 ஜிகாபிட், 8 போர்ட் 100 ஜிகாபிட் என்பது ரேக் ஸ்விட்சின் வழக்கமான உருவம். கீழே 1200 ஜிகாபிட், மேலே 800, விகிதம் 1.5-க்கு 1. ஆறு அப்லிங்க் மட்டும் பயன்படுத்தினால் 2-க்கு 1. கேம்பஸில் 20-க்கு 1 வரை தாங்கும் என்றோம். இங்கே 3-க்கு 1-ஐத் தாண்டினாலே ஸ்டோரேஜ் திணறத் தொடங்கும்.

ஸ்பைன்-லீஃப் என்ற சொல் இப்போது எல்லாக் கொட்டேஷனிலும் வருகிறது. பெல் ஆய்வகத்தின் சார்லஸ் க்ளோஸ் 1953-இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதிய அமைப்பின் வழிவந்தது அது. ஒவ்வொரு ரேக் ஸ்விட்சும் (லீஃப்) எல்லா நடு ஸ்விட்சுகளோடும் (ஸ்பைன்) இணைந்திருக்கும். எந்த ரேக்கிலிருந்து எந்த ரேக்குக்கும் தூரம் ஒன்றே. பத்து ரேக், நாற்பது ரேக் என்று வளரும் இடத்துக்கு அருமையான வடிவம். நம் கல்லூரியின் 12 சர்வருக்கு அது தேவையே இல்லை. சர்வருக்கு இரண்டு போர்ட் வீதம் 24 போர்ட். இரண்டு ஸ்விட்சை இணையாக வைத்து, ஒவ்வொரு சர்வரையும் இரண்டிலும் கட்டினால் வேலை முடிந்தது. ஸ்பைனுக்குப் போகவிருந்த பணத்தை ஒரு ஸ்பேர் ஸ்விட்சுக்குக் கொடுங்கள்.

விலானை ரவுட்டிங் நெட்வொர்க்கின் மேல் நீட்டும் விஎக்ஸ்லேன், அதற்கு வழி சொல்லும் ஈவிபிஎன் இரண்டும் அப்படித்தான். விலான் எண் 4094-ஓடு முடிந்துவிடும். விஎக்ஸ்லேன் 24 பிட் என்பதால் ஒன்றரைக் கோடிக்கு மேல் போகும். ரேக் தாண்டி, கட்டடம் தாண்டி ஒரே லேயர் 2 நெட்வொர்க்கை நீட்ட வேண்டியவர்களுக்கு அது வரம். இன்று தேவையில்லை என்றாலும் சிப் அதைச் செய்யுமா, எந்த லைசென்ஸில் செய்யும் என்று மட்டும் கேட்டு வையுங்கள். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 50 பைட் கூடும் என்பதால், ஜம்போ ஃப்ரேம் எனப்படும் பெரிய பொட்டலத்தை 9216 பைட் வரை ஏற்கும் ஸ்விட்சாக இருப்பது நல்லது.

படி 6: பஃபர்

டேட்டாஷீட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக இருக்கும் இந்த எண்ணுக்காகத்தான் டேட்டா சென்டர் ஸ்விட்சுக்கு நாம் கூடுதல் பணம் தருகிறோம் என்றே சொல்வேன். ஒரே போர்ட்டை நோக்கிப் பல போர்ட்டுகளிலிருந்து தரவு வரும்போது, வெளியே போக முடியாதது காத்திருக்கும் இடம் அது.

இரவு 1 மணி பேக்கப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து சர்வர்கள், ஒவ்வொன்றும் 25 ஜிகாபிட்டில், ஸ்டோரேஜின் ஒரே 25 ஜிகாபிட் போர்ட்டை நோக்கி ஒரே கணத்தில் எழுதுகின்றன. வருவது 250, போவது 25. நொடிக்கு 225 ஜிகாபிட் தேங்க வேண்டும். பிராட்காமின் ட்ரைடென்ட் 3 சிப்பில் மொத்த பஃபர் 32 மெகாபைட், அதாவது 256 மெகாபிட். அதை முழுவதும் இந்த ஒரு போர்ட்டுக்கே கொடுத்தாலும் 1.1 மில்லிநொடியில் நிரம்பிவிடும். அதன்பின் வருபவை கீழே விழும். விழுந்ததை டிசிபி நெறிமுறை மறுபடி அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் காத்திருந்து அனுப்ப நேர்ந்தால் லினக்ஸின் குறைந்தபட்சக் காத்திருப்பு 200 மில்லிநொடி. ஒரு மில்லிநொடி நெரிசலுக்கு இருநூறு மில்லிநொடி தண்டனை. நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கண்காணிப்புத் திரையில் அந்தப் போர்ட் 30 சதவீதம்தான் பயனில் இருப்பதாகக் காட்டும். "ஸ்டோரேஜ் மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் புகார் வந்துகொண்டே இருக்கும்.

இதே வேலையைச் சில மெகாபைட் பஃபர் மட்டுமே உள்ள கேம்பஸ் ஸ்விட்சிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம். அதற்காக பிராட்காமின் ஜெரிக்கோ வகைச் சிப்புகளின் ஜிகாபைட் கணக்கான ஆழப் பஃபரை எல்லோரும் வாங்க வேண்டுமென்று சொல்லவில்லை. 100 ஜிகாபிட்டில் வருவது 10 ஜிகாபிட்டில் வெளியேறும் இடத்துக்கும், ஊர் தாண்டிப் போகும் நீண்ட இணைப்புகளுக்கும் அது பொருந்தும். மற்ற இடங்களில் ஆழமான பஃபர் தாமதத்தையே கூட்டும். சர்வர் ரேக்குக்கு 32 மெகாபைட் அளவில் எல்லாப் போர்ட்டுகளும் பகிரும் பஃபர், நெரிசலை முன்கூட்டியே சர்வருக்குச் சொல்லும் ஈசிஎன் வசதி, போர்ட் வாரியாக உச்ச பஃபர் அளவைக் காட்டும் அளவீடு ஆகிய மூன்றும் இருந்தால் நிறைவு.

படி 7: காற்று எந்தப் பக்கம் போகும்?

சர்வர் ரேக்கில் குளிர்காற்று முன்னாலிருந்து நுழைந்து சூடாகிப் பின்னால் வெளியேறும். சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்பக்கம் இருப்பதால், ஸ்விட்சின் போர்ட் பக்கத்தையும் பின்னோக்கி மாட்டுவோம். அப்படியானால் ஸ்விட்ச் தன் பவர் சப்ளைப் பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சிப் போர்ட் பக்கமாக வெளியேற்ற வேண்டும். எதிர்த்திசை மாடலை வாங்கிவிட்டால், சர்வர்கள் வெளியே தள்ளும் வெந்நீர் ஆவி போன்ற காற்றையே அது நாள் முழுவதும் உள்ளிழுக்கும்.

ஒரே மாடல், ஒரே விலை, எண்ணின் கடைசி எழுத்து மட்டும் வேறு. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு எளிதாக நேர்கிறது. சிஸ்கோ நெக்சஸ் வகையில் ஃபேன் பிடியின் நிறமே சொல்லிவிடும்: நீலம் என்றால் காற்று போர்ட் பக்கமாக வெளியேறும், கருஞ்சிவப்பு என்றால் போர்ட் பக்கமாக நுழையும். ஃபேனும் பவர் சப்ளையும் ஒரே திசையில் இருக்க வேண்டும். பின்னாளில் ஒரு பவர் சப்ளையை மட்டும் மாற்றும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கேம்பஸில் கவலை வேறு. சுவர் ரேக்கின் ஆழம் 450 மி.மீ. என்றால், பவர் சப்ளை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சில மாடல்கள் உள்ளேயே போகாது. டேப் வைத்து அளந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். நூலக வாசிப்பறைப் பக்கம் ஃபேன் இல்லாத மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 8: ஸ்டாக்கா, எம்லேக்கா?

இந்தப் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். ஒரு கல்வி நிறுவனத்தின் சர்வர் அறையில் இரண்டு கேம்பஸ் ஸ்விட்சுகளை ஸ்டாக் கேபிளால் ஒரே ஸ்விட்சாகக் கட்டி, ஒவ்வொரு சர்வரையும் இரண்டிலும் இணைத்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று எல்லோரும் நம்பினோம். ஒரு ஞாயிறு இரவு ஃபர்ம்வேர் ஏற்றினோம். இரண்டும் ஒன்றாக மறுதொடக்கம் ஆயின. சில நிமிடங்கள் ஸ்டோரேஜ் யாருக்கும் தெரியவில்லை. லினக்ஸ் மெய்நிகர் கணினிகளின் கோப்பு முறைமைகள் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விட்டன. விடியும் வரை ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். திங்கள் காலை தேர்வுக் கட்டணம் கட்ட வந்த மாணவர்கள் வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஸ்டாக் என்றால் பல பெட்டிகள், ஒரே மூளை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300-இல் எட்டு வரை, அரூபா 6300-இல் பத்து வரை ஒரே ஸ்விட்சாக நிர்வகிக்கலாம். விடுதிக்கு இது வசதி. இரவு 3 மணிக்கு ஐந்து நிமிடம் நின்றால் பெரிய நஷ்டமில்லை. எம்லேக்கில் இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனி மூளை. சர்வரின் பார்வைக்கு ஒரே ஸ்விட்ச் போலத் தெரியும். ஆனால் ஒன்றை நிறுத்தி ஃபர்ம்வேர் ஏற்றும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். சிஸ்கோ நெக்சஸ் இதை விபிசி என்கிறது, அரூபா விஎஸ்எக்ஸ் என்கிறது, அரிஸ்டா எம்லேக் என்றே சொல்கிறது. சர்வர் அறையில் எம்லேக் இல்லாத ஸ்விட்சை நான் இனி ஏற்பதில்லை.

நிர்வாகத்துக்கான தனிப் போர்ட்டும், அது போய்ச் சேரும் தனிப் பாதையும் இந்த அறைக்குக் கட்டாயம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தது. வழக்கமான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை முதுகெலும்பு இணைப்புகளையெல்லாம் அறுத்துவிட, மாற்று நிர்வாகப் பாதையும் செயல்படாமல் போனதால், பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியதாயிற்று. நம் மூன்று ரேக்குக்கு ஒரு சிறிய தனி ஸ்விட்சும், வேறு நிறுவனத்தின் ஒரு 4ஜி இணைப்பும் போதும்.

படி 9: டேட்டாஷீட், லைசென்ஸ், பிராண்டு

திறன் எண்களை நீங்களே சரிபார்க்கலாம். 48 ஜிகாபிட் போர்ட், நான்கு 10 ஜிகாபிட் அப்லிங்க் என்றால் 88 ஜிகாபிட். இரு திசைக்கும் 176. மிகச் சிறிய 64 பைட் பொட்டலம் ஒரு ஜிகாபிட்டில் நொடிக்கு 14.88 லட்சம் போகும். 88-ஆல் பெருக்கினால் சுமார் 13.1 கோடி. டேட்டாஷீட் இந்த இரண்டு எண்ணையும் காட்டினால் ஸ்விட்ச் முழு வேகத்தில் ஓடும். அதற்கு மேல் காட்டும் பெரிய எண்களால் உங்களுக்குப் பயனில்லை. டெண்டரில் ஒரே ஒரு மாடலுக்குப் பொருந்தும் எண்ணை அப்படியே நகலெடுத்துப் போடாமல், உங்கள் தேவையை எழுதுங்கள்.

சிஸ்கோவில் கேட்டலிஸ்ட் கேம்பஸுக்கு, நெக்சஸ் டேட்டா சென்டருக்கு. ஜூனிப்பரில் ஈஎக்ஸ், கியூஎஃப்எக்ஸ். அரூபா சிஎக்ஸில் 6000 வரிசை கேம்பஸ் பக்கம், 8325 போன்றவை சர்வர் அறைப் பக்கம். ஜூனிப்பரை எச்பிஇ 2025 ஜூலையில் வாங்கி முடித்துவிட்டதால், அரூபாவும் ஜூனிப்பரும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் கேம்பஸ் வரிசை இருக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடல் எத்தனை ஆண்டு விற்கப்படும், எத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2016-இல் திறந்து வைத்த சோனிக் என்னும் ஸ்விட்ச் இயங்குதளம் இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் இருக்கிறது. லினக்ஸும் பிஜிபி ரவுட்டிங்கும் கைவந்த குழு உங்களிடம் இருந்தால் நல்ல தேர்வு. இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் கல்லூரிக்கு அது சுமை.

லைசென்ஸில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சந்தா முடிந்த மறுநாள் என்னென்ன நிற்கும்? சிலவற்றில் மேலாண்மைத் திரை மட்டும் போகும், ஸ்விட்ச் ஓடும். முழுவதும் கிளவுட் மேலாண்மையை நம்பிய சிலவற்றில் போக்குவரத்தே நின்றுவிடும். ஐந்து ஆண்டுக்கான சந்தா, ஏஎம்சி, மாட்யூல்கள் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே மூன்று கொட்டேஷனையும் ஒப்பிடுங்கள். வேறு நிறுவன மாட்யூலைப் போட்டால் ஸ்விட்ச் ஏற்குமா, ஏற்றாலும் சப்போர்ட் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 10: பில் பாஸ் செய்யும் முன் சோதனை

கேம்பஸ் ஸ்விட்சில் எல்லாப் பிஓஇ கருவிகளையும் சொருகிவிட்டு ஒரு பவர் சப்ளையை உருவுங்கள். எந்தெந்தக் கருவி அணைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச் கார்டின் இரு முனைகளையும் இரண்டு போர்ட்டில் சொருகி, அவை தாமாக மூடிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். படி 4-இல் சொன்னதுபோல் ஒரு வீட்டு ரவுட்டரை அதன் லேன் போர்ட் வழியாகச் சொருகிப் பாருங்கள்.

சர்வர் அறையில், இரண்டு சர்வர்களுக்கு இடையே 8972 பைட் பிங், பொட்டலத்தை உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு அனுப்புங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் அது 9000. போகவில்லையென்றால் நடுவில் எங்கோ ஜம்போ ஃப்ரேம் அமைக்கப்படவில்லை. 25 ஜிகாபிட் இணைப்பு விளக்கு எரியவில்லை என்றால் கேபிளைக் குறை சொல்லும் முன் இருபக்கமும் எஃப்இசி என்னும் பிழைதிருத்த முறை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். டிஏசி எனப்படும் செம்புக் கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் ஆர்எஸ்-எஃப்இசி வேண்டும். பிறகு பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்லேக் ஜோடியில் ஒன்றின் இரண்டு பவர் கேபிளையும் உருவுங்கள். பேக்கப் நிற்காமல் முடிய வேண்டும். அடுத்து, நிறுவிக் கொடுக்க வந்த பொறியாளரையே உங்கள் கண்முன் இரண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஃபர்ம்வேர் ஏற்றச் சொல்லுங்கள்.

ஸ்பேர் ஸ்விட்சைப் பெட்டிக்குள் அடைத்து அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவர் கொடுத்து, மற்ற ஸ்விட்சுகளில் ஓடும் அதே ஃபர்ம்வேர் பதிப்பை அதிலும் ஏற்றி, விடுதி ஸ்விட்சின் கான்ஃபிகரேஷன் நகலை அதன் பக்கத்திலேயே ஒரு பென்டிரைவில் வையுங்கள். ஸ்டாக்கில் சேரும் புதுப் பெட்டியின் பதிப்பு வேறாக இருந்தால், அது சேராமல் நிற்கும் நேரம் பெரும்பாலும் நள்ளிரவாகத்தான் இருக்கும்.